ஆறு இஞ்ச் ஓட்டையும் பதினேழு அட்டைப்பெட்டிகளும்

சுவரில் ஓட்டை போட வந்தவர், சுவரை நாலு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு மெஷினைத் திரும்பவும் சாக்குப்பைக்குள் வைத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்?

எனக்குக் கோபம் வந்தது. நன்றாகவே வந்தது.

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. காலை பத்து மணி. ஹைதராபாத் அல்வாலில் எங்கள் வீட்டுச் சமையலறை. அடுப்பு மேடையில் இருந்த சாமான்களை எல்லாம் எடுத்து ஹாலில் பரப்பிவிட்டு, பழைய பெட்ஷீட்டை விரித்து வைத்துக் காத்திருந்தேன். வந்தவர் பெயர் ஏழுமலை. கோர் கட்டிங் செய்பவர். ஏசி பைப், தண்ணீர் பைப், சிம்னி பைப் எதுவானாலும் சுவரில் கேக் வெட்டுகிற மாதிரி வட்டமாக வெட்டிக் கொடுப்பார். இருபது நிமிட வேலை என்று போனில் அவரே சொன்னார்.

இருபது நிமிடமும் ஆகவில்லை. ஐந்தே நிமிடத்தில் முடித்துக்கொண்டார்... ஓட்டை போடாமலே.

ஓட்டை எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி கல்பனா இங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நாலைந்து மாதமாக அவளுக்கு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை, வறட்டு இருமல். பாடம் நடத்திக்கொண்டே இருப்பாள், பாதிச் சமன்பாட்டில் ஆரம்பிக்கும். முன் பெஞ்சுப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு காத்திருக்குமாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஒருநாள், ‘கிளாஸைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமான்னு ஹெச்.எம். கேக்கறாங்க’ என்று சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. பத்து வருடமாகக் கத்திக் கத்திக் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். அதைத் தவிர அவளுக்குப் பெரிய சந்தோஷம் எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டாக்டரிடம் போனோம். அவர் நுரையீரலைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தால், சமையலறையைப் பற்றிக் கேட்டார்.

“தாளிக்கிற புகை எங்கே போகுது?”

“சிம்னி இருக்கு டாக்டர்” என்றேன் நான், கொஞ்சம் பெருமையாகவே.

“சிம்னியில இருந்து எங்கே போகுது?”

யோசித்தேன். அது எங்கேயும் போகவில்லை. எங்கள் சிம்னி பைப் இல்லாத சிம்னி. புகையைக் கீழிருந்து இழுத்து, கரி ஃபில்டரில் வடிகட்டி, மேல் வழியாக மறுபடி சமையலறைக்கே விட்டுவிடும். அந்த ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினோம்? இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை.

நீ சமைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சமைத்தேன். நான் தாளித்தாலும் அதே கடுகு, அதே மிளகாய். நெடி ஹால்வரை வந்து அவளைத் தேடிப் பிடித்தது. கடைசியில் வீட்டில் தாளிப்பதே நின்றது. ஈரோட்டுக்காரர்கள் நாங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பள்ளிபாளையம் சிக்கன். காய்ந்த மிளகாயைக் கிள்ளிக் கிள்ளிக் கை நிறைய எண்ணெயில் போட்டால், அந்த நெடியில் தெருவே தும்ம வேண்டும். அப்படிப்பட்ட வீட்டில் நாலு மாதமாகத் தாளிக்காத ரசம். குடித்துப் பாருங்கள், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆன மாதிரியே இருக்கும்.

சரி, முதலிலேயே பைப் வைத்த சிம்னி வாங்கியிருக்கலாமே?

இங்கேதான் என் பங்கு வருகிறது. ஆறு வருடத்துக்கு முன் அந்த சிம்னி வாங்கியபோது, மாட்ட வந்தவர் கேட்டார்: வெளிச்சுவரில் ஓட்டை போடட்டுமா? வேண்டாம் என்றேன். சொந்த வீடுதான். ஆனால் வாங்கும்போதே, நல்ல விலை வந்தால் விற்றுவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்ற முடிவோடு வாங்கிய வீடு. இரண்டு வருடத்தில் போகப்போகிற வீட்டில் எதற்கு ஓட்டை?

அந்த ‘இரண்டு வருடம்’ ஹைதராபாத்துக்கு நாங்கள் வந்து இறங்கியபோது ஆரம்பித்தது. வந்து பதினாறு வருடம் ஆகிறது. இந்த வீட்டுக்கு வந்தே பதின்மூன்று. இன்றும் யாராவது கேட்டால் என் வாயில் வருவது அதே இரண்டு வருடம்தான். ஹாலில் படம் மாட்ட ஆணி அடித்ததில்லை. மாடிப்படி ஓரத்தில் ஒரு மரம் நட்டதில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஈரோடு போய், காலியாகக் கிடக்கும் எங்கள் மனையில் முளைத்த முள்செடியைப் பார்த்துவிட்டு, ‘அடுத்த வருஷம் அஸ்திவாரம் போட்டரலாம்’ என்று சொல்லிவிட்டு வருவோம்.

டாக்டர் சொன்ன பிறகு புது சிம்னி வாங்கினேன். மேலே ஆறு இஞ்ச் பைப் போட்டுப் புகையை வெளியே தள்ளும் வகை. பெரிய அட்டைப்பெட்டியில் வந்தது. கம்பெனி டெக்னீஷியன் வந்து, அடுப்புக்கு நேர் மேலே, கூரைக்கு ஒரு அடி கீழே, ஒரு தட்டை வைத்துச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். “இங்கே ஓட்டை மட்டும் போட்டு வையுங்க சார், மாட்டிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பைப் எவ்வளவு நேராக, எவ்வளவு குட்டையாகப் போகிறதோ அவ்வளவு நன்றாக இழுக்குமாம். அந்த வட்டத்தைப் பார்த்துத்தான் ஏழுமலை மெஷினைச் சாக்குப்பைக்குள் வைத்தார்.

“நக்கோ சார்” என்றார். “இங்க போட வாணாம்.”

“ஏன்?”

“மேல பாருங்க. பீம் வந்து இங்கதான் குந்திக்கினு கீது. கரெக்டா அதுக்குக் கீழ வட்டம் போட்டு வெச்சிருக்காங்க.”

பார்த்தேன். பதின்மூன்று வருடமாக அந்தச் சமையலறையில் காபி போட்டுக் குடிக்கிறேன். கூரையின் குறுக்கே ஒரு பீம் ஓடுகிறது என்பதையும், அது வந்து முடியும் இடம் அந்தச் சுவர் என்பதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“ஆறு இஞ்ச்தானே ஏழுமலை?”

“ஹவ், ஆமா சார், ஆறு இஞ்ச்தான். மெஷின் வெச்சா பூந்துனு போயிடும். போட்டதுக்கு அப்பறம் வாணாம்னா நான் இன்னா பண்றது? மேல் வூட்டுல யாரு சார் கீறாங்க?”

“வாடகைக்கு ஒரு குடும்பம். கைக்குழந்தை இருக்கு.”

“தண்ணி டேங்க்கு?”

“அதுவும்... இதுக்கு மேலதான்.”

அவர் பென்சில் வட்டத்தைக் கட்டைவிரலால் லேசாகத் தேய்த்தார்.

“கைக்கு சார், எதுக்கு இந்த ரிஸ்க்கு? இன்ஜினீர் யாரையாச்சும் கூட்டியாந்து காட்டுங்க. அவுரு இங்கதான் போடுன்னு எழுதிக் குடுத்தா நான் போடறேன்.”

வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று வெடுக்கென்று சொன்னேன். “கூப்பிடுங்க சார்” என்றார், துளிகூடக் கோபமில்லாமல். அவருடைய அமைதி என் கோபத்தை இன்னும் ஏற்றியது. வாதாட வேறு எதுவும் கிடைக்காமல், என் வழக்கமான ஆயுதத்தை எடுத்தேன்.

“எப்படியும் ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போயிடுவோம். அதுவரைக்கும் தாங்காதா?”

டீ கொண்டுவந்த கல்பனா வாசலிலேயே நின்றாள். “அப்புறம் வாங்கறவங்க தலையில விழட்டுமுங்களா?” என்று கேட்டுவிட்டு, டீயை அவர் கையில் கொடுத்து, பதிலுக்கு நிற்காமல் இருமிக்கொண்டே உள்ளே போனாள்.

ஏழுமலை டீயை உறிஞ்சினார். “எந்த ஊருக்கு சார் போறீங்க?”

“ஈரோடு.”

“அங்க யாரு கீறாங்க?”

சாதாரணக் கேள்விதான். ஆனால் நான் யோசிக்க வேண்டியிருந்தது. அப்பா, அம்மா இருவரும் இல்லை. தம்பி பெங்களூரு போய்விட்டான். கல்பனாவின் அண்ணன் துபாயில். “ஒரு மனை இருக்கு” என்றேன்.

“மனை” என்று தலையாட்டிக்கொண்டார். அவர் பிறந்தது மெட்டுகூடா ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து ரயில்வே ஒர்க்‌ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். அவருக்கு ஊர் என்றால் செகந்திராபாத். அதில் ஒரு குழப்பமும் இல்லை. “நீங்க வந்து எத்தினி வருசம் ஆச்சு?”

“பதினாறு.”

“பதினாறா? அப்ப நீங்களும் நம்ம ஊர்க்காரர்தான் சார்” என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு, சாக்குப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று அப்போது தெரியவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வசுந்தரா வந்தார். கல்பனாவிடம் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. கட்டடங்களின் பலத்தைக் கணக்குப் போடுகிற இன்ஜினீயர். ‘எங்க டீச்சர் ரொம்ப இருமுறாங்க’ என்று மகள் வீட்டில் சொல்லியிருக்கிறாள். கல்பனா போன் செய்து கேட்டதும், டேப்பும் டார்ச்சுமாக வந்து நின்றார். அவர் பேசியது தெலுங்கில். விஷயத்தை மட்டும் தமிழில் சொல்கிறேன்.

இந்தக் காலத்து அபார்ட்மென்ட்டில் பாரத்தைத் தூக்குவது தூண்களும் பீம்களும். நடுவில் இருக்கும் சுவர்கள் பெரும்பாலும் வெறும் தடுப்புகள். எங்கள் வீடு அப்படி அல்ல. ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்தக் காலத்தில் கட்டிய வீடு. தூணே கிடையாது. ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர்தான் மேல் மாடியை, அதற்கு மேல் தண்ணீர் டேங்கை, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. அதிலும் பீம் வந்து உட்காரும் இடம்தான் அதிகப் பாரம் இறங்கும் இடம். அங்கே ஆறு இஞ்ச் செங்கல்லை உருவினால் வீடு உடனே விழுந்துவிடாது. ஆனால் விரிசல் விடத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். அதைச் சோதித்துப் பார்க்கிற வீடா இது, மேலே குழந்தையை வைத்துக்கொண்டு?

“அப்படியென்றால் இந்தச் சுவரில் ஓட்டையே கூடாதா?” என்று கேட்டேன்.

கூடாது என்றில்லை, இந்த இடத்தில் கூடாது என்றார். வலது பக்கம் தள்ளினால் கதவு. இடது பக்கம் தள்ளிப் போடலாம், ஆனால் அங்கும் மேல் பாரத்தைத் தாங்க ஒரு சின்ன லிண்டல் வைத்துத்தான் உடைக்க வேண்டும். ஜன்னல் வழியாக விடலாம் என்றால், அது எதிர்ச் சுவரில். பைப் சமையலறையைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் இழுவை செத்துவிடும்.

பிறகு கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டார்: இவ்வளவு பழைய வீட்டின் சமையலறையில் வென்டிலேட்டர் இல்லாமலா கட்டியிருப்பார்கள்?

“இல்லை மேடம்” என்றேன். உறுதியாகச் சொன்னேன். என் வீடு எனக்குத் தெரியாதா?

அவர் நேராக வெளியே போனார். வீட்டுக்கும் காம்பவுண்ட் சுவருக்கும் நடுவே மூன்றடிச் சந்து ஒன்று இருக்கிறது. காலி சிலிண்டரும் உடைந்த ஏர்கூலரும் வைத்திருக்கும் இடம். அங்கே நின்று அண்ணாந்து பார்த்தார். விரலை நீட்டினார்.

“மரி அதி ஏமண்டி?”

அப்படியானால் அது என்னங்க?

கூரைக்குச் சற்றுக் கீழே, சிமென்ட் சன்ஷேடுக்கு அடியில், ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரம். சாய்வாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகள். தூசியில் கண்ணாடியா மரமா என்றே தெரியவில்லை. ஒரு பட்டை உடைந்து, அந்த இடுக்கில் காலிப் புறாக்கூடு ஒன்று. நாங்கள் எப்போது கிளம்பலாம் என்று யோசித்துக்கொண்டிருந்த வீட்டில், புறா குடியேறி, குஞ்சு பொரித்து, வளர்த்து, கிளம்பியும் போயிருக்கிறது.

வீடு கட்டியவர், புகை போவதற்காகவே விட்ட வழி. மேலே லிண்டல் எல்லாம் போட்டு முறையாக விட்டிருக்கிறார். பென்சில் வட்டத்திலிருந்து இடது பக்கம் மூன்றே அடி. பீமுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பைப்பில் இரண்டு வளைவு வரும், பரவாயில்லை, இழுக்கும் என்றார் வசுந்தரா. ஒரு செங்கல்லைக்கூடத் தொட வேண்டாம்.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

நாங்கள் குடிவந்த வாரம். மற்ற எதற்கும் முன்னால் நான் செய்த வேலை, சமையலறையில் பெரிய லாஃப்ட் அடித்ததுதான். கார்பென்டர் சொன்னார்: இங்கே வென்டிலேட்டர் இருக்கிறது, லாஃப்டை அதற்கு முன்னாலேயே முடித்துக்கொள்ளலாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பெட்டிகள் வைக்க இடம் போதாது, பிளைவுட் போட்டு மூடிவிடுங்கள், இரண்டு வருடம்தானே என்றேன். அவர் மூடினார். நான் மறந்தேன்.

கல்பனாவிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது? அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“அப்ப பதிமூணு வருசமா இந்த வழி இங்கதான் இருந்துச்சுங்களா?”

“இருந்துச்சு.”

“சரிங்க” என்றாள். உள்ளே போய் வசுந்தராவுக்கு டீ போட ஆரம்பித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து வார்த்தை திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

அது என்ன பெட்டிகள் என்று கேட்கிறீர்களா? வெளியூரில் பிழைக்கிற நம் ஆட்களில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. டிவி வந்த பெட்டி, மிக்ஸி வந்த பெட்டி, மைக்ரோவேவ் வந்த பெட்டி. உள்ளே தெர்மோகோல்கூடக் கலையாமல். எதற்கு? ஊருக்குப் போகும்போது பேக் பண்ண வேண்டுமே! லாரியில் சாமான் ஏற்றும்போது கம்பெனிப் பெட்டி மாதிரி வருமா? பேச்சிலராக ஒரு பையோடு வந்தவன்கூட, முதல் ஃபேன் வாங்கியதும் அதன் பெட்டியை எடுத்து வைப்பான். உங்கள் லாஃப்டைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கேலி செய்யுங்கள்.

பெட்டிகளை நகர்த்தாமல் நடுவில் பைப் விடலாமா என்று வசுந்தராவிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. எண்ணெய்ப் புகை போகிற பைப். அதை ஒட்டி அட்டையும் தெர்மோகோலுமா என்று என்னை ஒரு மாதிரி பார்த்தார். லாஃப்டில் அந்தப் பக்கம் எதுவும் இருக்கக் கூடாது. முழுக்கக் காலி.

அவர் போனபின், நான் டேப்பை எடுத்துக்கொண்டு பெட்ரூமுக்குள் போனேன். கட்டிலுக்கு அடியில் எத்தனை பெட்டி போகும், பீரோவுக்கு மேல் எத்தனை நிற்கும் என்று அளந்துகொண்டிருந்தேன். கல்பனா வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“ஏனுங்க. சித்தெ அந்த டேப்பைக் கீழ வைங்க.”

வைத்தேன்.

“நாம ஊருக்குப் போறமுங்களா, இல்லீங்களா? அதை மட்டும் சொல்லுங்க.”

 வழக்கமான இரண்டு வருடம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று பயமாக இருந்தது.

எங்கள் மகள் யாழினி பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பதினாலு வயது. பிறந்தது, படிப்பது எல்லாம் இங்கே. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் எதில் தோன்றுகிறதோ அதில் பதில் சொல்வாள்.

“ஈரோடு மீ ஊரு அப்பா” என்றாள். “நா ஊரு இதே கதா.”

ஈரோடு உங்கள் ஊர். என் ஊர் இதுதானே. கோபமாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வதுபோல் சொல்லிவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கல்பனா கட்டிலில் உட்கார்ந்தாள். “நானுந்தான் போயிருவோம் போயிருவோம்னு நெனச்சுட்டு இருந்தேன். உங்களை மட்டும் குத்தம் சொல்லலீங்க. போனா என்ன வேலை செய்வோம், இவ எங்க படிப்பா, ஒண்ணும் யோசிச்சதில்ல. போறோம்னு மட்டும் தெரியும். அதனாலதான் கேக்கறேன்.”

“தெரியலை கல்பனா” என்றேன்.

பதினாறு வருடத்தில் நான் அதற்குச் சொன்ன முதல் நேர்மையான பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

“தெரியலைன்னா சரி. தெரியற அன்னைக்குப் பாத்துக்கலாமுங்க. அதுவரைக்கும் நான் எதுக்கு மூச்சு முட்டிக்கிட்டுக் காத்திருக்கோணும்?”

அன்று மதியமே ஸ்டூல் போட்டு ஏறினேன். நான் எடுத்துக் கொடுக்க, யாழினி கீழே வாங்கி அடுக்கினாள். கல்பனாவுக்கு மாஸ்க் மாட்டி, சந்துப் பக்கம் உட்கார வைத்துவிட்டோம். மொத்தம் பதினேழு பெட்டிகள். டிவி பெட்டி இருந்தது. அந்த டிவி ரிப்பேராகி, போய், அதற்கு அடுத்த டிவியும் வந்துவிட்டது. அந்த டிவியின் பெட்டியும் இருந்தது. வாஷிங் மெஷின் அட்டை மடித்து வைத்திருந்தது. மெஷினை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தே பல வருடம் ஆகிறது. இல்லாத சாமான்களை எல்லாம் பத்திரமாக ஊருக்குக் கொண்டுபோக நான் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன்!

ஒவ்வொரு பெட்டியின் மேலும் கறுப்பு மார்க்கரில் என் கையெழுத்து. ‘ஈரோடு – கிச்சன்.’ ‘ஈரோடு – ஹால்.’ ‘ஈரோடு – கண்ணாடி, ஜாக்கிரதை.’ அந்த ஹாலும் கிச்சனும் இன்னும் முள்செடியாக இருக்கின்றன.

யாழினி ஒரு பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். குழந்தைகள் தள்ளுவண்டியின் பெட்டி. அவள் வண்டி. அதிலும் ‘ஈரோடு’ என்றுதான் எழுதியிருந்தேன். அவள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். தமிழ் படிக்க அவள் முயற்சி செய்ததே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதே நேரம் முகத்தை லாஃப்ட் பக்கம் திருப்பிக்கொண்டேன். தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

திங்கட்கிழமை பழைய பேப்பர்காரர் வந்து தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இரண்டு நடை.

போன சனிக்கிழமை ஏழுமலை மறுபடி வந்தார். நான்தான் கூப்பிட்டேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். “அட இன்னா சார்” என்று ஸ்டூலில் ஏறிவிட்டார். மெஷின் சாக்குப்பையை விட்டு வெளியே வரவே இல்லை. பிளைவுட்டை அறுத்தார்; புறாக்கூட்டைப் பத்திரமாக எடுத்துக் காம்பவுண்ட் சுவர் மேல் வைத்தார்; கண்ணாடிப் பட்டைகளைக் கழற்றி, அந்தச் சதுரத்தில் வட்ட ஓட்டை போட்ட தகடு ஒன்றைப் பொருத்தினார். டெக்னீஷியன் புது சிம்னியை மாட்டினார். சிம்னியிலிருந்து வெள்ளிப் பைப் மேலே ஏறி, காலி லாஃப்டில் மூன்றடி நடந்து, வெளியே போயிற்று. மழை உள்ளே வராமல் வெளியில் ஒரு மூடியும் போட்டார்கள். பட்டனைத் தட்டி, கீழே ஒரு பேப்பரைக் காட்டினால், பேப்பர் போய்ச் சப்பென்று ஒட்டிக்கொண்டது.

கல்பனா பேப்பரை நம்பவில்லை. வாணலியை வைத்தாள். எண்ணெய் காய்ந்ததும் கிள்ளிய மிளகாயைக் கை நிறைய அள்ளிப் போட்டாள். நான், யாழினி, ஏழுமலை, டெக்னீஷியன்... நாலு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். மிளகாய் சிவந்து, கறுக்கத் தொடங்கியது. வெளியே தெருவில் யாரோ அடுத்தடுத்து மூன்று முறை தும்மினார்கள்.

கல்பனா திரும்பி எங்களைப் பார்த்தாள். “என்னங்க எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க? போய்ச் சின்ன வெங்காயம் உரிங்க.”

இருமல் முழுசாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். மருந்து தொடர்கிறது. ஆனால் இந்த வாரம் முழு வகுப்பும் நின்றபடி நடத்தினாளாம். முன் பெஞ்சுப் பிள்ளைகள் தண்ணீர் பாட்டிலைத் தாங்களே குடித்துவிட்டார்களாம். சொல்லும்போது சிரித்தாள்.

இனி ஊருக்கே போகமாட்டோமா? தெரியவில்லை. போகலாம். போகிற அன்றைக்குப் பெட்டிகள் கடையில் கிடைக்கும் என்று கல்பனா சொல்கிறாள். அது எனக்கு ஏனோ இதுவரை தோன்றவே இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சனிக்கிழமை வேலை முடிந்து, கிளம்பும்போது ஏழுமலை ஹாலில் நின்றார். புது சிம்னி வந்த பெட்டி இரண்டு வாரமாக அங்கேயே நின்றுகொண்டிருந்தது. நல்ல கனமான அட்டை. ஒரு மூலைகூட நசுங்கவில்லை.

“டப்பா வெச்சிக்கிறீங்களா சார்?”

லாஃப்டைப் பார்த்தேன். காலியாக, பளிச்சென்று இருந்தது. பைப்புக்குப் பக்கத்தில்தான் எதுவும் கூடாது. மறுகோடியில் இடம் இருக்கத்தான் செய்தது.

“எடுத்துட்டுப் போங்க” என்றேன். குரல் கொஞ்சம் கம்மியாகத்தான் வந்தது. அவர் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வாசல் இறங்கினார்.

பின்னாலிருந்து கல்பனாவின் குரல் வந்தது: “ஏனுங்க, கையில வெச்சிருக்கற அந்தத் தெர்மோகோலையும் குடுத்துருங்க.”